பிஸ்வாசி என்ன கேட்டாள்?

ஜன்னலைச் சாத்திராதீங்க தம்பி, காத்து வரட்டும். திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கதான். எங்க திருமண்டல ஆபீஸ்ல, பிஷப் ஆபீஸ்னு வச்சுக்கிடுங்க, ஒரு பெரிய ஆளைப் பாக்கணும். எங்க சபை ஐயரை வேற ஊருக்கு மாத்துங்கன்னு சொல்லப் போறேன். ஐயர்னா பூணூல் போட்ட ஐயர் இல்ல, வேதக்கோயில் பாஸ்டர். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

எனக்கு யார்மேலயும் வருத்தம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிருதேன். நடந்ததைச் சொல்லுதேன், நீங்களே சொல்லுங்க. வெளி ஆளு சொன்னாத்தான் நியாயம் தெரியும்.

ஊரு தயாபுரம். சாத்தான்குளத்துக்குத் தெக்க. எம்பேரு வேதமாணிக்கம். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கோயில் கமிட்டில எனக்கு முந்தி இருந்தவங்க எல்லாரும் இப்ப கல்லறைத் தோட்டத்துல இருக்காவ. புதன்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு நான்தான் எடுக்கேன். ஐயருமாரு வருவாவ, போவாவ. வகுப்பு எப்பவும் நான்தான்.

இந்த வருசம் நான் எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? ‘இஸ்ரவேலரின் ஆராதனையில் அந்நியர்.’ அந்நியர்னா வேற தேசத்தான், வேற பாஷைக்காரன். அந்தக் காலத்து இஸ்ரவேல் ஜனங்க அவங்களை எப்படி நடத்துனாவ, சாமி கும்பிடுத இடத்துல எப்படிச் சேத்துக்கிட்டாவ, இதான் பாடம். எங்க ஊர்ல எவனும் தொடாத விசயம். நான் தொட்டேன். அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வந்தேன்.

பாடம் அருமையாப் போச்சு. அறுப்புப் பண்டிகை வந்தா மகன், மக, வேலைக்காரன், வாசல்ல கிடக்க பரதேசி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு அவங்களுக்குக் கட்டளை. பலி செலுத்தணும்னு ஒரு அந்நியன் வந்தா, அவனுக்கும் சொந்தக்காரனுக்கும் ஒரே முறை. ஏன்னா நீங்களும் எகிப்துல பரதேசியாக் கிடந்தவங்கதானே, அந்த வலி உங்களுக்குத் தெரியுமேன்னு ஒரு காரணம். இதை நான் விளக்கும்போது பொம்பளைங்க சேலைத் தலைப்பால கண்ணைத் தொடச்சாவ. நானும் தொடச்சேன். நான் பேசுதது சில நேரம் எனக்கே தாங்காது.

இன்னொண்ணு சொன்னேன். அதுதான் பெரிய விசயம். எருசலேம்ல கோயிலைக் கட்டி முடிச்ச ராஜா, பிரதிஷ்டை அன்னைக்கு வானத்துக்கு நேரா ரெண்டு கையையும் விரிச்சு ஒரு நீண்ட ஜெபம் பண்ணுதாரு. சொந்த ஜனத்துக்காகக் கேக்கும்போது, அவனவன் மனசு உமக்குத் தெரியும், அதுக்குத் தக்கபடி கொடும்ங்காரு. அதாவது ஆளைப் பாத்துக் கொடும். ஆனா அந்நியனுக்காகக் கேக்கும்போது அந்த நிபந்தனையே கிடையாது. தூர தேசத்துல இருந்து ஒருத்தன் வந்து இந்தக் கோயிலுக்கு நேரா நின்னு கேட்டா, கேட்டதையெல்லாம் கொடுத்திரும், அவ்வளவுதான்.

புரியுதா தம்பி? நமக்கு மனசுக்குத் தக்கபடி. அவனுக்குக் கேட்டதெல்லாம். இதை நான்தான் கவனிச்சுச் சொன்னேன். எங்க ஐயரு, ஜாஸ்பர்னு பேரு, சின்ன வயசு, வந்து ரெண்டு வருசம் ஆகல, அவரே கிட்ட வந்து, இதை நான் இத்தனை நாளா வாசிச்சும் பாக்கலையே ஐயான்னாரு. அன்னைக்கு அவரு நல்ல மனுசனாத்தான் இருந்தாரு.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமைதான் அந்தப் பிள்ளைங்க வந்தாவ.

எங்க ஊருக்கு மேக்க ஒரு செங்கல் சூளை இருக்கு. அதுல வேலைக்கு ஜார்க்கண்டுல இருந்து கூட்டிட்டு வந்திருக்கான். கருத்த பிள்ளைங்க, குட்டையா, நல்ல உழைப்பாளிங்க. நாங்க இந்திக்காரங்கன்னு சொல்லுவோம். அதுல ஒரு பத்துப் பேரு குளிச்சு, தலை சீவி, செருப்பை வாசல்ல ஒழுங்கா வரிசைல விட்டுட்டு, உள்ள வந்து உக்காந்திருக்காவ. வேதக்காரங்களாம். பாட்டன் காலத்துல இருந்தே கிறிஸ்தவங்களாம். எங்களுக்கு அதுவே தெரியாது.

வந்தது சந்தோசம். எங்க உக்காந்தாவங்கதுதான் விசயம். வலது பக்கம் மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்காவ. அது எங்க தாத்தா செஞ்சு போட்ட பெஞ்சு. நான் உள்ள வந்து பாத்தேன். பத்ராசுன்னு ஒருத்தன், அவன் பெஞ்சாதி பிஸ்வாசின்னு ஒரு பொம்பளை, ரெண்டு பேரும் என் இடத்துல கண்ணை மூடி உக்காந்திருக்காவ. பிஸ்வாசின்னா விசுவாசமுள்ளவள்னு அர்த்தமாம். நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல போய் நின்னேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்னேன். அவியளாத்தான் எந்திரிச்சாவ. நான் கையால கூடக் காட்டல.

பிறகு எங்க உக்காரதுன்னு தெரியாம பின்னால சுவரோரம் நின்னுட்டாவ, ஆராதனை முடியுத மட்டும். எனக்கு மனசு கேக்கல. பாடம் எடுத்தவன் நான்லா? கமிட்டியைக் கூட்டிட்டேன். அவங்களுக்குன்னு தனியா ஒரு இடம் போடணும்னு சொன்னேன். எருசலேம் கோயில்ல அந்நியருக்குன்னே வெளிப்பிராகாரம் ஒண்ணு உண்டு. அதுக்கும் உள்ளுக்கும் நடுவுல ஒரு குட்டைச் சுவரு, தாண்டி வரக்கூடாதுன்னு கல்லுல எழுதியே வச்சிருந்தாவ. அவ்வளவு யோசிச்சு அவங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்காவ. அதே மாதிரி நம்மளும் செய்வோம்னேன். கோயிலுக்கு வடக்க, வேப்பமரத்து நிழல்ல, தகரக் கொட்டகை. பெஞ்சு, ஃபேன், ஒரு ஸ்பீக்கர். உள்ள இருந்தா எங்க கண்ணாடி ஜன்னலோட வெக்கைல புழுங்கணும். அவங்களுக்கு வேப்பங்காத்து. ஃபேன் என் செலவு.

ஐயரு என்ன சொன்னாரு தெரியுமா? அந்த ராஜா கட்டின முதல் கோயில்ல அப்படி ஒரு சுவரு இருந்ததாத் தெரியலையே, அது பின்னால வந்தவங்க வச்சதுதானேங்காரு. நான் சொன்னேன், பின்னால வந்தவங்களுக்குத் தேவைப்பட்டிருக்கு ஐயா. அதுக்கு அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

என் மகன் நியூசிலாந்துல இருக்கான் தம்பி. அங்க போன முதல் ஞாயிறே கோயில்ல முன்னால கூப்பிட்டு, பேரைக் கேட்டு, எல்லாரும் எந்திரிச்சுக் கை கொடுத்தாவளாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு. வெள்ளைக்காரன் ஆளைப் பாத்தே எடை போட்டிருவான். நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருது. சரி, அது வேற கதை.

பிள்ளைங்க கொட்டகைல வந்து உக்காந்தாவ. ஒரு முகச்சுளிப்பு கிடையாது. நாங்க பாட்டுப் பாடும்போது ராகம் தெரிஞ்சா சேந்து பாடுவாவ, அவிய பாஷைல. ஆராதனை முடிஞ்ச பிறகும் போக மாட்டாவ. வட்டமா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவாவ. அந்தப் பிஸ்வாசிதான் சத்தமாப் பண்ணுவா. கண்ணு வழியத் தண்ணி ஓடும். சாதாரணமா அவ வாய் திறந்து பேசியே நான் பாத்ததில்ல. ஜெபத்துல மட்டும் அப்படி ஒரு பேச்சு.

இங்கதான் சங்கடம் ஆரம்பிச்சுது.

உங்களுக்கே தெரியும், போன ஐப்பசி, கார்த்திகை ரெண்டுலயும் மழை சுத்தமா இல்ல. மாசில குளம் வெடிச்சுட்டு. பங்குனில கிணத்துல மோட்டார் போட்டா அரை மணி நேரம்தான். வாழை எல்லாம் நின்ன இடத்துலயே தோளைத் தொங்கப் போட்டுட்டு. தண்ணி லாரி வந்தா குடத்தோட சண்டை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து மழைக்காக ஜெபம் பண்ணினோம். நான்தான் நடத்துனேன். நான் மழைக்கு ஜெபம் பண்ணினா இருபது நிமிசம் பண்ணுவேன். மேகம் உண்டாகுததுல இருந்து ஆரம்பிப்பேன். ஒரு சொட்டு விழல.

ஒருநாள் ஆராதனை முடிஞ்சு கொட்டகைப் பக்கமாப் போறேன். அந்தப் பொம்பளை ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கா. ‘பாரிஷ், பாரிஷ்’னு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது. அடுத்த வாரமும் அதே. எங்க ஊர்ல தவசிக்கனின்னு மிலிட்டரில இருந்து வந்தவர் ஒருத்தர், அவருக்கு இந்தி தெரியும். கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல நிப்பாட்டினேன். பீரங்கிப் படைல இருந்ததுல அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை விழுந்துட்டு. பாரிஷ்னா மழைன்னாரு. மழையைப் பத்தி என்ன கேக்கான்னு கேட்டேன். அது சரியாக் கேக்கல, மழையைப் பத்தித்தான்னாரு.

எனக்கு அப்பவே திக்குன்னுட்டு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. செங்கல் சூளைக்காரன் மழையைப் பத்தி என்ன கேப்பான்? சுடாத பச்சைக்கல்லை அறுத்து வெயில்ல காயப் போட்டிருப்பான். ஒரு மழை பெஞ்சா அம்புட்டும் கரைஞ்சு சேறாப் போயிரும். பிறகு முதல்ல இருந்து மண்ணை மிதிச்சு, முதல்ல இருந்து அறுக்கணும். கரைஞ்ச கல்லுக்குக் கூலி கிடையாது. அப்ப என்ன கேப்பான்? மழை வேண்டாம்னுதான் கேப்பான். சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

இதோட நான் எடுத்த பாடத்தையும் சேத்துப் பாருங்க. நாங்க மழை கேக்கோம், மனசுக்குத் தக்கபடி கிடைக்கும். அவ மழை வேண்டாங்கா, கேட்டதெல்லாம் கிடைக்கும். இருபது நிமிசம் நான் ஏத்துத மேகத்தை அந்தப் பொம்பளை அஞ்சு நிமிசத்துல கலைச்சிருதா. அதுவும் எங்க காம்பவுண்டுக்குள்ளயே உக்காந்து, என் ஃபேன் காத்துல.

கமிட்டில சொன்னேன். எல்லாருக்கும் முகம் செத்துப் போச்சு. என் பாடத்தை அவங்க எவ்வளவு நம்பியிருக்காவன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒரு வகைல சந்தோசமாத்தான் இருந்துது. ஐயர்ட்ட சொல்ல வேண்டாம், படிச்சவர், வீணா விவாதம் பண்ணுவாருன்னு முடிவு பண்ணி, நானே போய்ச் சூளை முதலாளியைப் பாத்தேன். அவரு நம்ம ஆளுதான். கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை வச்சுக்கிடுங்களேன்னேன். அன்பாத்தான் சொன்னேன். யாரையும் வராதேன்னு நான் சொல்லல பாத்துக்கிடுங்க. வாசல் திறந்துதான் இருந்துது. அவங்களுக்கு வேலை இருந்துது, வரல. அதுக்கு நான் என்ன செய்ய?

அப்பவும் மழை இல்ல.

தவசிக்கனி சூளைப் பக்கம் போயிட்டு வந்து ஒண்ணு சொன்னாரு. பிள்ளைங்க சாயங்காலம் வேலை முடிஞ்சு, சேத்துக் காலைக் கழுவிட்டு, நம்ம கோயில் கோபுரம் தெரியுத பக்கமாத் திரும்பி முழங்கால் போடுதாவளாம். கோயிலுக்கு உள்ள வரணும்னுகூட அவசியம் இல்லையே தம்பி. நேரா நின்னு கேட்டாப் போதும்னுலா அந்த ராஜா சொல்லி வச்சிருக்காரு. கோபுரத்தை மறைக்கவா முடியும்?

சித்திரை கடைசில எங்க கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. கோயிலைப் பிரதிஷ்டை பண்ணின நாளை வருசா வருசம் கொண்டாடுவோம். ஆராதனை, அதுக்கு மேல அசனம், ஊர் முழுக்க ஒண்ணா உக்காந்து சாப்பாடு. அந்த ஆராதனைல மழைக்கான விசேச ஜெபம் வச்சிருந்துது. நான் பண்ணுததா ஏற்பாடு. எருசலேம் பிரதிஷ்டை, ராஜாவோட ஜெபம், அதுலயே மழைக்கும் ஒரு வரி வரும், எல்லாத்தையும் கோத்து வச்சிருந்தேன். என் சம்சாரம் புஷ்பம், வேட்டியைக் கஞ்சி போட்டுத் தேச்சு வச்சிருந்தா.

அன்னைக்குக் காலைல உள்ள போறேன், பிள்ளைங்க பத்துப் பேரும் உக்காந்திருக்காவ. கொட்டகைல இல்ல, உள்ள. ஐயரு முந்தின நாள் தானே சூளைக்குப் போய் முதலாளிட்டப் பேசிக் கூட்டிட்டு வந்துட்டாராம். முன்னால, பாடகர் குழுவுக்குப் பக்கத்துல உக்கார வச்சிருக்காரு. சரி, பண்டிகை நாளு, பேச வேண்டாம்னு இருந்துட்டேன்.

மழை ஜெபத்துக்கு நேரம் வந்துது. நான் எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணுதேன். ஐயரு சொல்லுதாரு, நம்ம வேதமாணிக்கம் ஐயா இந்த வருசம் நமக்கு ஒரு பெரிய பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காவ, தூரத்துல இருந்து வந்த அந்நியனோட ஜெபத்தைப் பத்தி. ஐயா சொன்னபடியே இன்னைக்குச் செய்யப் போறோம்னு சொல்லிட்டு, அந்தப் பிஸ்வாசியைப் பாத்துக் கையை நீட்டுதாரு.

நான் நின்னுக்கிட்டிருக்கேன் தம்பி. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்து, மெச்சி மெச்சித் தலையாட்டுதாவ. எப்படி உக்காரது? என் பாடத்தை வச்சே என்னை உக்கார வச்சுட்டாரு மனுசன். அதுதான் நான் சொல்லுத அநியாயம். இதை எந்த ஆபீஸ்ல சொன்னாலும் ஒத்துக்கிடுவாவளா மாட்டாவளா?

அதோட விடல. ஐயரு இன்னொண்ணும் சொன்னாரு. இந்தச் சகோதரி நம்ம ஊருக்கு வந்த நாள்ல இருந்து மழைக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காங்கன்னாரு. மழை பெய்யணும்னு. பச்சைக்கல் கரைஞ்சு போகும்னு தெரிஞ்சேதான் கேக்காங்க, நேத்துதான் எனக்கே தெரிஞ்சுதுன்னாரு. ஏம்மா இப்படின்னு பத்ராசு மூலமா இவரு கேட்டிருக்காரு. அதுக்கு அவ சொன்னாளாம்:

“நாங்க சூளை முடிஞ்சாப் போயிருவோம். ஊரு இங்கதானே இருக்கணும்.”

சில பேரு கமிட்டிக்காரங்களைப் பாத்தாவ. கமிட்டிக்காரங்க என்னைப் பாத்தாவ. நான் கூரையைப் பாத்தேன்.

நான் நம்பல தம்பி. இப்பவும் நம்பல. தன் பிழைப்புல தண்ணியை ஊத்துன்னு எவனாவது சாமிட்டக் கேப்பானா? நீங்க கேப்பீங்களா? நான் கேக்க மாட்டேன். ஐயரு சின்னப் பையன், யாரு எதைச் சொன்னாலும் நம்பிருவாரு. மாட்டிக்கிட்டதும் மாத்திச் சொல்லியிருப்பா.

அவ எந்திரிச்சா. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டா. ஜெபம் ரொம்பச் சின்னது. நான் மேகத்துக்கே வந்திருக்க மாட்டேன், அவ ஆமென் சொல்லிட்டா.

மழை அன்னைக்கு மத்தியானம் அசனத்துல பெஞ்சுது. ஊரே இலை முன்னால உக்காந்திருக்கு. சாம்பார் வாளி நடு வரிசைல போகுது. மேக்க இருந்து ஒரு காத்து வந்து பந்தலைத் தூக்கிச்சு. பிறகு விழுந்தது பாருங்க, இலைல சோறு மிதக்கு. ஒருத்தன்கூட எந்திரிக்கல. நனைஞ்சுக்கிட்டே சாப்பிடுதாவ, சிரிக்காவ, அழுதாவ. பொம்பளைங்க ஓடிப்போய்ப் பிஸ்வாசியைத் தூக்காத குறை. அவளும் பத்ராசும் ஆளுக்கொரு இலைக்கு முன்னால உக்காந்தபடியே மேக்க சூளைப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தாவ. பந்தி முடிஞ்சதும் எந்திரிச்சு ஓடினாவ. தார்ப்பாய் போட்டு மூடப் பாத்திருப்பாவ. அந்த மழைக்குத் தார்ப்பாய் என்ன செய்யும்?

அன்னைல இருந்து ஊரே பேசுது, அந்தப் பொம்பளை ஜெபம், அந்தப் பொம்பளை ஜெபம்னு. எனக்குச் சிரிப்புத்தான் வருது. வங்காள விரிகுடாவுல ஒரு காத்தழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்துது தம்பி. ரேடியோல ரெண்டு நாளைக்கு முன்னாலயே சொன்னான். மழை பெய்யுததுக்கு விஞ்ஞானத்துல ஆயிரம் காரணம் இருக்கு. படிச்சவங்க இப்படி மூடநம்பிக்கைல கிடந்தா எப்படி? அதைக் கூட்டத்துல சொன்னேன். அப்ப தவசிக்கனி, மழை பெய்யாததுக்கும் அந்த விஞ்ஞானம்தானே காரணமா இருந்திருக்கும்னாரு. அவருக்குக் காது மந்தம், நான் சொன்னது சரியாக் கேட்டிருக்காது.

மழை விடல. நாலைஞ்சு நாள் விட்டு விட்டுப் பெஞ்சுது. குளத்துல தண்ணி நின்னுட்டு. வாழை எந்திரிச்சுட்டு. சூளைல அறுத்து வச்ச கல்லு அம்புட்டும் போச்சு. களம் முழுக்கச் சேறு. முதலாளி இந்த வருசம் இதோட போதும்னு சொல்லிட்டாரு. பிள்ளைங்களை அனுப்பிட்டாரு. பல்லடம் பக்கமோ எங்கயோ வேலை இருக்குன்னு போறாவளாம். ஐயரு அவரால முடிஞ்சது அரிசி, துணின்னு வாங்கிக் கொடுத்தாருன்னு கேள்வி. எங்கட்டக் கேட்டிருந்தா நாங்களும் கொடுத்திருப்போம்.

போறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போக எங்க வீட்டுக்கு வந்தாவ, பத்ராசும் அவளும் மட்டும். நான் எதிர்பாக்கல. தூறிக்கிட்டிருந்துது. எங்க வீட்டுல நாய் இருக்குல்லா, அதனால கேட்டைத் திறக்கல. கேட்டுக்கு இந்தப் பக்கம் கொடையைப் பிடிச்சுக்கிட்டு நான், அந்தப் பக்கம் அவங்க. பத்ராசுக்குக் கொஞ்சம் தமிழ் வந்துட்டு. ஃபேனுக்கு நன்றின்னான். கொட்டகைல தகரத்து வெக்கைல உக்காந்து கிடந்தப்ப அந்த ஃபேன் நல்லா இருந்துதாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கான். நான் பரவால்லன்னேன்.

உள்ள இருந்து புஷ்பம் வந்தா. கொடைகூட எடுக்காம நேரே போய், கேட்டைத் திறந்து வெளிய போய், அந்தப் பொம்பளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. நனைஞ்சாச் சளி பிடிக்கும்னு நான் சொல்லுதேன், காதுல வாங்கல. நாய் வெளிய போயிருமேன்னு நான்தான் உள்ள நின்னபடியே கேட்டைச் சாத்தினேன்.

அப்ப அந்தப் பிஸ்வாசி புருசன்ட்ட என்னமோ கேட்டா. அவன் என்னைப் பாத்துச் சொன்னான்:

“ஐயா, உங்களுக்காகச் சாமிட்ட என்ன கேக்கணும்னு இவ கேக்கா. போறதுக்கு முன்னால ஜெபம் பண்ணுவா.”

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. நீங்க நம்ப மாட்டீங்க, இத்தனை வருசத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டது கிடையாது. ஊருக்கெல்லாம் நான் ஜெபம் பண்ணுவேன். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, கல்லறை, எல்லாத்துக்கும் நான்தான். உனக்கு என்ன வேணும்னு ஒருத்தன் கேக்கணுமே. கேட்டதும் ஒண்ணுமே தோணல. எனக்கு ஒரு குறையும் இல்லம்மான்னுட்டேன். உண்மைதானே? பென்சன் வருது. மகன் நியூசிலாந்துல இருக்கான், கிறிஸ்துமசுக்குப் போன் பண்ணுவான்.

பத்ராசு அதை அவட்டச் சொன்னான். அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. பிறகு கேட்டுக் கம்பில கையை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டா. அன்னைக்குக் கோயில்ல பண்ணின மாதிரிச் சின்ன ஜெபம் இல்ல. ரொம்ப நேரம். தூத்தல் மூக்கு நுனில சொட்டுது, தொடைக்கல. புஷ்பம் அழுதா. எனக்கு ஒரு வார்த்தை புரியல. முடிச்சுட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டாவ. வளைவுல திரும்புத மட்டும் புஷ்பம் ரோட்டுலயே நின்னா.

அன்னைல இருந்து எனக்கு உறக்கம் சரியில்ல தம்பி.

உள்ளதைச் சொல்லுதேன். நீங்க பஸ்ல ஏறும்போது போன்ல இந்தி பேசிக்கிட்டு வந்தீங்கள்லா, அதனாலதான் முன்னால சீட்டு இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தவசிக்கனிட்டக் கேக்கலாம். கேட்டா ஊரெல்லாம் சொல்லிருவாரு. அந்த ஜெபத்துல ஒரு வார்த்தை அடிக்கடி வந்துது. நான் மனசுலயே வச்சிருக்கேன். ‘தர்வாஸா.’ தர்வாஸா கோல் தே, கோல் தேன்னு, அப்படித்தான் சொன்னா. நான் சரியாத்தான் சொல்லுதேன், ஜெபம் பண்ணுதவனுக்கு ஜெபத்துல வார்த்தை தப்பாது. அப்படின்னா என்ன தம்பி?

கதவா?

கதவைத் திறந்துவிடும்னா? அவ்வளவுதானா? வேற அர்த்தம் ஏதும் கிடையாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

எந்தக் கதவு? எங்க வீட்டுக் கதவைக் காலைல திறந்தா ராத்திரிதான் சாத்துவோம். கோயில் கதவுக்குச் சாவியே என் இடுப்புலதான் இருக்கு, இந்தா பாருங்க. எனக்கு எந்தக் கதவு பூட்டிக் கிடக்குன்னு அந்தப் பொம்பளை அவ்வளவு நேரம் மழைல நின்னு கேட்டுட்டுப் போறா?

சிரிக்காதீங்க தம்பி. அவ கேட்டா நடந்திருமே. எந்தக் கதவுன்னு தெரிஞ்சாலாவது நான் முன்னாலயே போய் அதுல நின்னுக்கிடுவேன்.